நிலம் தொழிலாளர் பெயரில், பயிர் நிறுவனத்தின் கையில்

பிலிப்பீன்ஸின் தென்பகுதியில் உள்ள பொலொமொலோக் என்ற ஊரின் கிராமப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே அதன் வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். லம்காலியாஃப், கினிலிஸ், லண்டான், பல்கான் ஆகியவை பூர்வகுடிகளின் மொழி மணக்கும் பெயர்கள். மக்சாய்சாய் என்பது 1957-ஆம் ஆண்டு விமான விபத்தில் மாண்ட பிலிப்பீன்ஸ் அதிபரின் பெயர். ‘ரப்பர்’ என்றே ஒரு கிராமம் இருக்கிறது. மலேசிய வாசகர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. இவற்றோடு ‘கேனரி சைட்’ என்று இன்னொரு கிராமமும் உண்டு. பழத்தை டின்னில் அடைக்கும் ஆலை இருக்கும் இடம் என்று அதற்குப் பொருள். கடவுள், அரசன், மரம், ஆறு என்று எதன் பெயராலும் அழைக்கப்படாமல் ஓர் ஆலையின் பெயராலேயே அழைக்கப்படும் கிராமம் அது.

மின்டனாவ் தீவின் தெற்கே, தென் கொத்தாபாத்தோ மாநிலத்தில் பொலொமொலோக் அமைந்துள்ளது. குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் வளர்ந்த ஜெனரல் சாந்தோஸ் துறைமுக நகரிலிருந்து நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே போனால் ஊர் வந்துவிடும். ஊருக்கு மேலே மாத்துத்தும் என்ற எரிமலை நிற்கிறது. அதன் உயரம் 2,286 மீட்டர். கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங் சிகரத்தைவிடக் கூடுதல் உயரம். மலையின் உச்சியில் காடு, நடுவில் காப்பியும் காய்கறியும், அதற்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் ஒரே பயிர். அதுதான் அன்னாசி.

முனிசிபாலிட்டி என்றதும் மலேசியாவில் உள்ள நகராண்மைக் கழகம் நினைவுக்கு வரக்கூடும். பிலிப்பீன்ஸில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு சிறு பட்டணமும் அதைச் சுற்றியுள்ள வயல், காடு, மலை, கிராமங்கள் அனைத்தும் சேர்ந்ததே அங்கே ஒரு முனிசிபாலிட்டி. அதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் இருப்பார், மன்றமும் இருக்கும். அதற்குள் அடங்கிய கிராமங்களுக்குப் பராங்காய் என்று பெயர். பழங்காலத்தில் ஒரு குடும்பக் கூட்டம் ஏறிவந்த படகின் பெயரிலிருந்து வந்த சொல் அது. பொலொமொலோக்கில் இத்தகைய பராங்காய்கள் 23. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 172,000-க்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். இத்தனை பேர் இருந்தும் அது நகரம் அல்ல, விவசாய ஊர்தான்.

வேட்டைக்காடு ஊரான கதை

ஊரின் பெயர் ‘ஃப்லொம்லோக்’ என்ற பிலான் மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. வேட்டையாடும் இடம் என்று அதற்குப் பொருள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில் ஊர் உருவான நாளைக் கொண்டாடும் திருவிழாவுக்கும் அதே பெயர்தான். பிலான் மக்கள்தாம் இந்தப் பள்ளத்தாக்கின் முதல் குடிகள். அவர்களுக்குக் காடு என்பது பத்திரத்தில் எழுதி வைக்கும் சொத்தாக இருந்ததில்லை. வேட்டையாடினார்கள். ஓரிடத்தில் சில பருவம் பயிர் செய்துவிட்டு, மண் களைத்ததும் அடுத்த இடத்துக்குப் போனார்கள்.

1939-ஆம் ஆண்டு நிலைமை மாறியது. மக்கள் நெருக்கம் மிகுந்த வடபகுதியிலிருந்து நிலமற்ற குடும்பங்களைத் தெற்கே குடியேற்றும் திட்டத்தை அதிபர் மானுவல் கேசோனின் அரசு தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி, ஜெனரல் பாவ்லினோ சாந்தோஸ் தலைமையில் முதல் அணியாக 62 பேர் சாரங்கானி வளைகுடாவில் வந்து இறங்கினார்கள். அந்த ஜெனரலின் பெயரையே பின்னாளில் துறைமுக நகரத்துக்குச் சூட்டினார்கள். அவர்களைத் தொடர்ந்து லூசோனிலிருந்தும் விசாயாஸ் தீவுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். இன்று பொலொமொலோக் சந்தையில் ஹிலிகாய்னோன், செபுவானோ ஆகிய மொழிகள் காதில் விழுவதற்கு அந்தக் குடியேற்றமே காரணம். 1957-ஆம் ஆண்டு பொலொமொலோக் தனி முனிசிபாலிட்டியானது.

அரசாங்கத்தின் வரைபடத்தில் அந்தப் பள்ளத்தாக்கு காலி நிலம். உண்மையில் காலியாக இல்லை என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பட்டா என்ற தாள் இல்லாத பிலான் குடும்பங்கள் படிப்படியாக மலைச்சரிவுகளுக்கு நகர்ந்தன. பூர்வகுடிகளின் பரம்பரை நிலத்தை அங்கீகரிக்கும் சட்டம் பிலிப்பீன்ஸில் 1997-ஆம் ஆண்டுதான் வந்தது. அதாவது முதல் குடியேறிகள் வந்து இறங்கி 58 ஆண்டுகள் கழித்து.

அந்த மக்கள் விட்டுவிடாமல் காத்துவந்த ஒன்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். லண்டான் பராங்காயைச் சேர்ந்த யாபிங் மசலோன் டூலோ என்ற மூதாட்டி தாபி என்னும் துணியை நெய்வதில் வல்லவர். பிலான் பெண்கள் இடுப்பில் அணியும் துணி அது. வாழை இனத்தைச் சேர்ந்த அபக்கா என்ற செடியின் தண்டிலிருந்து நாரை உரித்து, ஒவ்வோர் இழையாக முடிச்சிட்டு நீட்டி, சாயம் ஏறக்கூடாத இடங்களை நூலால் கட்டி, பிறகே சாயத்தில் நனைக்கிறார்கள். சிவப்பு நிறத்துக்கு நுணா இனத்து மரத்தின் வேர். கறுப்புக்கு ஒருவகைக் காட்டு மரத்தின் இலை. தறியின் ஒரு முனை நெய்பவரின் இடுப்பில் கட்டப்பட்டிருக்கும். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் குனிந்தால் தளரும். கட்டு அவிழ்த்த இழைகளில் தெரியும் உருவத்தை வரைந்து பார்த்தெல்லாம் அமைப்பதில்லை, மனக்கணக்குத்தான். 2016-ஆம் ஆண்டு பிலிப்பீன்ஸ் அரசு அவரை நாட்டின் மரபுக் கலைச் செல்வமாக அறிவித்தது. நூறு வயதைக் கடந்து வாழ்ந்த அவர் 2021 ஜனவரியில் காலமானார். அவரிடம் கற்ற பெண்கள் இன்றும் நெய்கிறார்கள். நெசவுக்குத் திறமை மட்டும் போதாது. அபக்கா வளர இடம் வேண்டும், சாய மரம் வளரக் காடு வேண்டும்.

ஹவாயிலிருந்து வந்த பயிர்

அன்னாசி பொலொமொலோக்குக்கு 1963-ஆம் ஆண்டு வந்தது. கொண்டுவந்தது டோல் நிறுவனம். ஹவாய்த் தீவுகளில் 1901-ஆம் ஆண்டு ஜேம்ஸ் டோல் தொடங்கிய அன்னாசித் தொழில், அங்கே கூலியும் நிலத்தின் விலையும் ஏறியதால் ஆசியாவைத் தேடி வந்தது. இன்னொரு பெரிய அமெரிக்க நிறுவனமான டெல் மோண்டே அதற்கு வெகுகாலம் முன்பே, 1920-களில், அதே மின்டனாவ் தீவின் வடக்கே புக்கிட்னோன் மேட்டுநிலத்தில் அன்னாசி போட்டிருந்தது. டோல் தெற்கைத் தேர்ந்தெடுத்தது.

அதற்குக் காரணம் மண். எரிமலைச் சாம்பல் மக்கிய மண்ணில் புளிப்புத் தன்மை இருக்கும், தண்ணீர் தேங்காது. அன்னாசிக்கு இரண்டும் பிடிக்கும். (ஜொகூரின் பொந்தியானில் சதுப்புக் கரிமண்ணில் அன்னாசி விளைவதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அங்கேயும் மண் புளிப்புத்தான். ஆனால் நீரை வடிக்கக் கால்வாய் வெட்ட வேண்டும்.) தவிர, அன்னாசி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் மட்டும் திறந்து மூச்சு விடும் செடி. அதனால் வறட்சியை ஓரளவு தாங்கும்.

ஆனால் சட்டம் ஒரு தடையாக நின்றது. 1935-ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி எந்தத் தனியார் நிறுவனமும் 1,024 ஹெக்டேருக்கு மேல் அரசு விவசாய நிலத்தை வைத்துக்கொள்ள முடியாது. டின் ஆலைக்கு அதுபோல் பல மடங்கு நிலம் தேவை. எனவே தேசிய மேம்பாட்டு நிறுவனம் என்ற அரசு நிறுவனம் நடுவில் வந்தது. நிலம் அதன் பெயரில், பயிர் டோலின் பொறுப்பில். தனியார் நிறுவனத்துக்குப் போட்ட வரம்பு அரசு நிறுவனத்துக்கு இல்லை என்பதால் சட்டம் மீறப்படவில்லை. ஆயினும் அந்த வரம்பு எதைத் தடுப்பதற்காகப் போடப்பட்டதோ அது நடந்துவிட்டது.

டின் ஆலைக்காக வளரும் அன்னாசிக்கும் வீட்டுக் கொல்லையில் வளரும் அன்னாசிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கொல்லையில் செடி தன் விருப்பப்படி பூக்கும். ஆலைக்கு அது ஒத்துவராது. தினமும் இத்தனை டன் பழம் வந்து விழுந்தால்தான் எந்திரம் ஓடும். எனவே நட்டு ஓராண்டு ஆகும் சமயத்தில் எத்திலீன் வாயுவையோ அதை வெளியிடும் மருந்தையோ தெளித்து ஒரு வயல் முழுவதையும் ஒரே நேரத்தில் பூக்க வைக்கிறார்கள். அதன் பிறகு ஐந்தாறு மாதத்தில் பழம். மொத்தம் ஒன்றரை ஆண்டு. அடித்தூரிலிருந்து வரும் கிளைக்கன்று இன்னொரு முறை காய்க்கும். ஒரு ஹெக்டேரில் 60,000 முதல் 70,000 செடிகள் நிற்கும்.

அறுவடையின்போது நீண்ட கைபோன்ற நகரும் பட்டையைக் கொண்ட வண்டி வயலில் மெல்ல ஊர்ந்து போகும். அதன் பின்னால் தொழிலாளர்கள் வரிசையாக நடந்து, பழத்தை முறித்துக் கொண்டையை நீக்கிப் பட்டையில் வைப்பார்கள். இலை நுனி கண்ணைக் குத்தும், ஓரம் கையை அறுக்கும். ஆகவே தடித்த கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. நடுப்பகல் வெயிலில் அந்த உடுப்போடு குனிந்து நிமிர்வது எப்படியிருக்கும் என்பது தோட்ட வேலை தெரிந்த குடும்பங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

இங்கே ஒரு சிறு செய்தியைக் கவனிக்க வேண்டும். வாழைப்பழம் பறித்த பின்பும் பழுக்கும். மாம்பழமும் அப்படித்தான். அன்னாசி அப்படியல்ல. பறித்த நேரத்தில் என்ன இனிப்போ அதுதான் இனிப்பு, அதற்குப் பிறகு அழுகத்தான் செய்யும். ஆகவே பழுத்த பின்பே பறித்து உடனே ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். வயலும் ஆலையும் ஒட்டியே இருக்க வேண்டியிருப்பது இதனால்தான். பின்னாளில் நிலம் கைமாறியபோது நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி உதவும்.

1988: தொழிலாளி நில உரிமையாளரான ஆண்டு

மார்க்கோஸ் ஆட்சி 1986-இல் வீழ்ந்த பிறகு பதவிக்கு வந்த அதிபர் கோரஸோன் அக்கினோ, 1988 ஜூன் 10-ஆம் தேதி விரிவான நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். உழுபவனுக்கே நிலம் என்பது அதன் நோக்கம். பன்னாட்டு நிறுவனங்கள் குத்தகைக்கு வைத்திருந்த அரசு நிலங்களைச் சீக்கிரமே பங்கிட வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. பொலொமொலோக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் தேசிய மேம்பாட்டு நிறுவனத்தின் பெயரில் இருந்த ஏறக்குறைய 9,000 ஹெக்டேர் நிலம் டோல் தோட்டத் தொழிலாளர்களுக்குப் போனது. பெற்றவர்கள் 7,000-க்கும் மேற்பட்டோர். கணக்குப் பார்த்தால் ஆளுக்கு ஒரு ஹெக்டேருக்குச் சற்று அதிகம்.

காலையில் அடையாள அட்டையைக் காட்டி வேலைக்குப் போனவர் மாலையில் நிலத்துக்குச் சொந்தக்காரராக வீடு திரும்பினார் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த நிலம் எங்கே என்று கேட்டால் அவரால் விரல் நீட்டிக் காட்ட முடியாது. தனித்தனிப் பட்டா கொடுக்கப்படவில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரு கூட்டுறவு அமைக்கப்பட்டு, அதன் பெயரில் கூட்டுப் பட்டா வழங்கப்பட்டது. ஊரில் அதை டார்ப்சி என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அந்தக் கூட்டுறவு நிலத்தைப் பெற்ற கையோடு பத்தாண்டுக்கு டோலுக்கே குத்தகைக்கு விட்டது. பின்னர் குத்தகை நீட்டிக்கவும் பட்டது. செடி அசையவில்லை, ஆலை நிற்கவில்லை. மாறியது பத்திரம்.

இதை ஏமாற்று வேலை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. ஒரு தொழிலாளி தனது ஒரு ஹெக்டேரைப் பிரித்துத் தானே அன்னாசி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஆண்டுக்கு வருமானம் இல்லை. பிறகு ஒரே வாரத்தில் அறுபதாயிரம் பழம் பழுத்து நிற்கும். அதை யாரிடம் விற்பார்? பக்கத்தில் இருப்பது ஒரே ஓர் ஆலை. குளிர்பதன வண்டியும் கப்பலும் அவர் கையில் இல்லை. விதைக்கன்று, மருந்து, டிராக்டர் எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும். நிலமும் இலவசம் அல்ல. சட்டப்படி முப்பது ஆண்டுத் தவணையில், ஆறு விழுக்காடு வட்டியோடு, அதன் விலையை அரசு வங்கிக்குக் கட்ட வேண்டும். (நாடு முழுவதும் இப்படித் தேங்கிய நிலச் சீர்திருத்தக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் சட்டம் 2023 ஜூலையில் வந்தது.) இத்தனையையும் எண்ணிப் பார்த்தவருக்கு, குத்தகைப் பணமும் வரும், கூலியும் வரும் என்ற ஏற்பாடு பாதுகாப்பானதாகவே தோன்றியிருக்கும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆலை ஒன்று, வாங்குபவர் ஒருவர், நிலத்தில் வேரூன்றிய பயிரும் அவருடையது. இப்படியிருக்கும்போது குத்தகைத் தொகையை நிர்ணயிக்கும் மேசையில் உரிமையாளரின் பலம் எவ்வளவு? ‘தரமாட்டோம்’ என்று சொல்வதற்கு அவரிடம் வேறு வழி இருக்க வேண்டும். அந்த வழியை யாரும் ஏற்படுத்தித் தரவில்லை. பத்திரத்தைக் கொடுத்த சட்டம் கடனையும் சந்தையையும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

ஆயினும் பொலொமொலோக் ஏழை ஊர் அல்ல. வருமான அடிப்படையில் அது முதல் வகுப்பு முனிசிபாலிட்டி. தென் கொத்தாபாத்தோவின் முனிசிபாலிட்டிகளில் மக்கள்தொகை மிக அதிகம் உள்ளதும் அதுவே. மாதச் சம்பளம் ஓடும் இடத்தில் கடை வரும், பள்ளி வரும், வங்கி வரும். பக்கத்து மலைக்கிராமத்தாருக்கு டோல் வேலை கிடைப்பது குடும்பம் தலைநிமிரும் செய்தி. தோட்டத்தைக் குறை சொல்பவர்களும் தங்கள் பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்வதில்லை.

யாருடைய தொழிலாளி?

அந்த வேலையின் தன்மையும் காலப்போக்கில் மாறிவிட்டது. நிறுவனத்தின் நேரடி ஊழியராக இருந்தவர்களின் இடத்தில், ஆள் அனுப்பும் தொழிலாளர் கூட்டுறவுகள் மூலம் வருபவர்கள் பெருகினார்கள். கூட்டுறவு என்ற பெயர் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வயலில் ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு நிரந்தர ஊழியருக்கான சலுகைகள், மற்றவருக்கு ஒப்பந்த விதிகள் என்றால் பெயர் மட்டும் சோறு போடாது. பிலிப்பீன்ஸ் தொழிலாளர் துறை, சட்டத்துக்கு ஒவ்வாத ஒப்பந்தத் தொழிலாளர் முறையைக் கையாண்டதாகக் கண்டறியப்பட்ட அல்லது சந்தேகிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலை 2018 மே மாதம் வெளியிட்டது. அதில் முதலிடம் துரித உணவு நிறுவனமான ஜோலிபீக்கு. இரண்டாம் இடம் டோல் பிலிப்பீன்ஸுக்கு. குறிப்பிடப்பட்ட தொழிலாளர் எண்ணிக்கை 10,521. அந்த அரசுத் துறையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினாலும் ‘டோல்’ என்றுதான் வரும் என்பது வேடிக்கையான ஒற்றுமை.

நிறுவனத்தின் உரிமையும் கைமாறியிருக்கிறது. 2013 ஏப்ரலில் டோலின் உலகளாவிய டின் உணவுத் தொழிலையும் ஆசியாவின் பழ வணிகத்தையும் ஜப்பானின் இத்தோச்சு நிறுவனம் ஏறத்தாழ 1.7 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்தத் தொழிலின் தலைமையகம் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறது. மாத்துத்தும் மலையடியில் எதை நடுவது, எவ்வளவு நடுவது என்பதன் கணக்கு, அன்னாசி ஒரு செடிகூட வணிகத்துக்காக விளையாத ஒரு நகரத்தின் அலுவலகத்தில் போடப்படுகிறது.

1988-ஆம் ஆண்டு 30 வயதில் நிலப்பங்கு பெற்ற தொழிலாளிக்கு இன்று 65 வயதைத் தாண்டியிருக்கும். சம்பளம் நின்றுவிட்டது. கூட்டுறவிலிருந்து வரும் பங்கு மட்டுமே மிச்சம். பலர் இறந்துவிட்டார்கள். ஒருவரின் பங்குக்கு மூன்று, நான்கு பிள்ளைகள் வாரிசு. எங்கே இருக்கிறதென்று தந்தையாலேயே காட்ட முடியாத ஒரு ஹெக்டேரை அவர்கள் தங்களுக்குள் பிரிப்பது எப்படி? தாளில் மட்டும் பிரிக்கலாம். அந்தப் பிள்ளைகளில் பலர் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் அல்லர். ஜெனரல் சாந்தோஸின் மீன் ஆலைகளுக்கும் மணிலாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டவர்கள்.

தோட்டத்துக்கு வெளியேயும் விவசாயிகள் இருக்கிறார்கள். பொலொமொலோக்கிலும் பக்கத்து ஊர்களான துப்பி, தம்பக்கான் வட்டாரத்திலும் ஓரிரு ஹெக்டேரில் மக்காச்சோளமும் தென்னையும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அவை. சோளம் நான்கு மாதத்துக்குள் விளைந்துவிடும். ஆனால் விதையும் உரமும் வியாபாரியிடம் கடனாக வாங்கியதாக இருக்கும். அறுத்ததும் அவர் சொன்ன விலைக்கே அவருக்குக் கொடுத்தாக வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் கடன் மட்டும் அடுத்த பருவத்துக்குப் போகும். அன்னாசிக்கு மேலும் நிலம் தேவைப்படும்போது நிறுவனம் இத்தகைய சிறு விவசாயிகளிடமும் குத்தகைக்கோ பயிர் ஒப்பந்தத்துக்கோ கேட்டு வருகிறது. சோளக் கடனில் நிற்பவருக்கு முன்பணம் பெரிய விஷயம். கையெழுத்துப் போட்ட பிறகு பக்கத்து நிலங்களோடு சேர்த்து டிராக்டர் ஒரே நீளத்துக்கு உழுதுவிடும். வரப்பும் எல்லை மரமும் போய்விடும். ஆண்டுகள் கழித்து நிலம் திரும்பி வரும்போது, தன்னுடையது எந்தப் பக்கம் என்பதை நில அளவையாளரை அழைத்து வந்துதான் அந்த விவசாயி கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.